வசனத்துக்கு முன் ஓசை: நாடக வகுப்பில் குழந்தை உரிமைகளைக் கேட்க வைப்பது எப்படி?

ஜூன் 12 நெருங்கினால் போதும், பல பள்ளிகளில் ஒரே நாடகம் மேடையேறும். அன்று குழந்தைத் தொழிலாளர் முறைக்கு எதிரான உலக நாள். கிழிந்த சட்டையில் ஒரு பையன், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளாடும் அப்பா, முந்தானையால் கண்ணைத் துடைக்கும் அம்மா. கடைசியில் ஒரு டீச்சர் வந்து அறிவுரை சொல்வார், அப்பா திருந்துவார், எல்லோரும் வரிசையாக நின்று கையை உயர்த்தி ‘ஒழிப்போம், ஒழிப்போம்’ என்பார்கள். அதிகம் கைதட்டல் வாங்குவது தள்ளாடும் அப்பாதான். கிழிந்த சட்டை பெரும்பாலும் வகுப்பிலேயே வசதி குறைந்த பையனுக்குப் போய்ச் சேரும். அதை யாரும் கண்டுகொள்வதில்லை.

பிள்ளைகள் நன்றாகவே நடிப்பார்கள், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அந்தப் பையன் எத்தனை மணிக்கு எழுகிறான், நாள் முழுக்க எதைக் கேட்டுக்கொண்டு வேலை செய்கிறான், எந்தச் சத்தம் வந்தால் அவன் கை நிற்கிறது? நடிப்பவருக்கும் தெரியாது, பார்ப்பவருக்கும் தெரியாது. முழக்கம் மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம்.

இதற்கு நாடக ஆசிரியர்கள் பல நாடுகளில் கையாளும் ஓர் எளிய வழி உண்டு. ஒலிச்சூழல் என்று தமிழில் சொல்கிறோம், சவுண்ட்ஸ்கேப் என்று ஆங்கிலப் பெயரிலேயே சொல்பவர்களும் உண்டு. மேடை, உடை, ஒப்பனை, வசனத்தாள் எதுவும் தேவையில்லை. நாற்பது பிள்ளைகள், ஒரு பீரியடு, கொஞ்சம் பொறுமை இருந்தால் தொடங்கிவிடலாம். குழந்தை உரிமைகளைப் பேசுவதற்கு இது ஏன் இவ்வளவு பொருத்தம், எங்கே கவனம் தேவை என்று பார்ப்போம்.

அது என்ன ஒலிச்சூழல்?

ஓர் இடத்தையோ ஒரு நேரத்தையோ எடுத்துக்கொள்கிறோம். விடியற்காலைப் பேருந்து நிலையம், மழை வருவதற்கு முந்தைய வயல், பரீட்சைக்கு மணி அடிக்கப் போகும் வகுப்பறை, எதுவாகவும் இருக்கலாம். அந்த இடத்தில் கேட்கக்கூடிய ஓசைகளைப் பிள்ளைகள் தங்கள் குரலாலும் கை கால்களாலும் கையில் அகப்பட்ட பொருள்களாலும் உண்டாக்குகிறார்கள். வகுப்பில் பாதிப்பேர் கண்ணை மூடிக் கேட்பார்கள், பாதிப்பேர் ஒலிப்பார்கள். ஓசை எப்போது எழ வேண்டும், எப்போது அடங்க வேண்டும் என்று ஒருவர் நடுவில் நின்று கையசைவால் சொல்வார். ஒன்றரை நிமிடம், மிஞ்சினால் இரண்டு. அப்புறம் கேட்டவர்களிடம் ஒரே கேள்வி: “நாம எங்க இருந்தோம்?”

சவுண்ட்ஸ்கேப் என்ற சொல்லைப் பரவலாக்கியவர் கனடாவைச் சேர்ந்த இசையமைப்பாளர் ஆர். மரே ஷேஃபர். வான்கூவர் அருகிலுள்ள சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் 1960களின் இறுதியில் அவர் தொடங்கிய ஆய்வுத் திட்டம், ஓர் ஊரின் ஓசைகளையும் ஆராய்ச்சிக்குரிய பொருளாக எடுத்துக்கொண்டது. வான்கூவர் நகரத்தின் ஓசைகளை 1973இல் பதிவு செய்து வெளியிட்டார்கள். ஷேஃபர் பள்ளிப் பிள்ளைகளோடும் நிறைய வேலை செய்தவர். பிள்ளைகளுக்கு வாத்தியம் வாசிக்கச் சொல்லிக்கொடுப்பதற்கு முன் காதைத் தீட்டச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

அவர் ஓசைகளை மூன்றாகப் பிரித்தார். அந்தப் பிரிப்பு வகுப்பில் மிகவும் உதவும். முதலாவது அடியில் ஓடிக்கொண்டே இருக்கும் ஓசை. கச்சேரியில் தம்பூராவின் சுருதி போல, இருப்பதே தெரியாது, நின்றால்தான் தெரியும். கடற்கரை ஊரில் அலை, நகரத்தில் வண்டிகளின் இரைச்சல், வகுப்பறையில் மின்விசிறி. இரண்டாவது, கவனத்தை இழுக்கும் அறிவிப்பு ஓசை. பள்ளி மணி, ஹாரன், குக்கர் விசில், குல்ஃபிக்காரரின் மணி. மூன்றாவது, ஓர் ஊருக்கே உரிய அடையாள ஓசை. கோயம்புத்தூர், மதுரைப் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டால் மில் சங்கைச் சொல்வார்கள். சங்கு ஊதியதும் வீட்டில் உலை வைத்தவர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்பியவர்கள் எல்லாம் உண்டு.

நமக்கு இது அந்நியமான யோசனை என்று நினைக்க வேண்டாம். திணைக்குரிய கருப்பொருள்களில் பறையும் யாழும் இருக்கின்றன. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை. நிலத்தைச் சொல்லும்போது மரம், பறவை, உணவோடு அதன் ஓசையையும் சேர்த்துச் சொன்ன மரபு நம்முடையது. எட்டாம் வகுப்புக்கு மேல் தமிழ் ஆசிரியர்கள் இந்த இடத்திலிருந்தே தொடங்கலாம்.

முதல் வகுப்பில் உரிமை வேண்டாம்

எடுத்த எடுப்பில் உரிமை பற்றிப் பேச வேண்டாம். முதல் வகுப்பு முழுவதும் காதுக்குத்தான்.

எல்லோரையும் கண்ணை மூடி ஒரு நிமிடம் சும்மா இருக்கச் சொல்லுங்கள். பிறகு கேட்ட ஓசைகளை நோட்டில் எழுதட்டும். தூரத்து ஓசை, பக்கத்து ஓசை, தன் உடம்புக்குள்ளிருந்து வந்த ஓசை என்று மூன்று பத்தி. முதலில் சிரிப்பார்கள், யாராவது ஒருவன் வேண்டுமென்றே இருமுவான். இரண்டாம் முறை செய்யும்போது சிரிப்பு தானாகவே அடங்கும். சத்துணவுக் கூடத்தில் கரண்டி உரசும் ஓசை, பக்கத்து வகுப்பு ஆசிரியரின் குரல், ஜன்னலுக்கு வெளியே அணில் என்று பட்டியல் நீளும்.

அடுத்து மழை. உள்ளங்கைகளை உரசினால் தூறல், விரலைச் சொடுக்கினால் முதல் துளிகள், தொடையில் தட்டினால் பெருமழை, தரையில் காலை உதைத்தால் இடி. நீங்கள் வட்டத்தின் நடுவில் மெதுவாகச் சுற்றி வந்து, யாருக்கு நேராக வருகிறீர்களோ அவர் மட்டும் ஓசையை மாற்ற வேண்டும் என்று சொல்லுங்கள். மழை ஒரு பக்கம் வலுத்து மறுபக்கம் ஓயும். கையசைவுக்குக் கட்டுப்படுவது, கூடுதலாகவும் குறைவாகவும் ஒலிப்பது, சேர்ந்து நிறுத்துவது எல்லாம் இதிலேயே பழகிவிடும். நடத்துநராக நிற்கும் வாய்ப்பைச் சீக்கிரமே பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகளில் சிலர் அந்த இடத்தில் நின்றதும் ஆளே மாறிவிடுவார்கள்.

ஒரு தொல்லை நிச்சயம் வரும்: மிமிக்ரி. நாய், பூனை, நடிகர் குரல் என்று ஆளாளுக்குத் திறமையைக் காட்டத் தொடங்கினால் ஒலிச்சூழல் கெட்டுவிடும். “உன் ஓசை தனியாகக் கேட்டால் நீ அதிகமாகச் செய்கிறாய்” என்ற ஒரே விதி இதற்குப் போதும். இன்னொரு விதி, பேச்சு கூடாது. முனகலாம், பெருமூச்சு விடலாம், கூப்பிடலாம், வாக்கியம் வேண்டாம். வாக்கியத்தை அனுமதித்தால் ஐந்தாவது நிமிடத்தில் அறிவுரை வந்துவிடும்.

உரிமை என்று எதைச் சொல்கிறோம்?

1924இல் உலக நாடுகள் சங்கம் ஐந்தே அம்சங்கள் கொண்ட ஒரு சிறிய அறிக்கையை ஏற்றது. ஜெனீவா அறிக்கை என்று பெயர். அதை எழுதியவர் எக்லன்டைன் ஜெப் என்ற ஆங்கிலேயப் பெண்மணி, முதல் உலகப்போருக்குப் பின் பட்டினியில் கிடந்த குழந்தைகளுக்காக அலைந்தவர். அந்த அறிக்கை, குழந்தைக்குப் பெரியவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று சொன்னது. 1989 நவம்பர் 20 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கை அதைத் தாண்டிப் போனது. 54 உறுப்புகள். குழந்தைக்குச் சோறும் மருந்தும் பள்ளியும் கொடுத்தால் மட்டும் போதாது, அதன் கருத்தையும் கேட்க வேண்டும் என்றது. 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லோரும் அதன்படி குழந்தைகள். இலங்கை 1991லும் இந்தியா 1992லும் இதை ஏற்றுக்கொண்டன.

54 உறுப்புகளையும் வகுப்பில் ஓட்ட முடியாது, தேவையும் இல்லை. நாடகத்துக்கு நன்றாக இடம் கொடுப்பவை சில: கருத்தைக் கேட்பது (உறுப்பு 12), வன்முறையிலிருந்து பாதுகாப்பு (19), கல்வி (28), ஓய்வும் விளையாட்டும் கலையும் (31), உழைப்புச் சுரண்டலிலிருந்து பாதுகாப்பு (32). இதில் 31ஐக் கொஞ்சம் அழுத்திச் சொல்வேன். விளையாடுவது குழந்தையின் உரிமை என்றால் பல பெற்றோர் சிரிக்கிறார்கள், சில ஆசிரியர்களும்தான். பத்தாம் வகுப்பில் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வது எவ்வளவு சாதாரணம்! அந்த வகுப்பின் ஒலிச்சூழலைச் செய்யச் சொன்னால் பிள்ளைகளுக்கு ஒரு துப்பும் கொடுக்க வேண்டியதில்லை. வெளியே பந்து உதைபடும் சத்தம், உள்ளே சாக்பீஸ்.

ஒரு பாடத்தை முழுதாகப் பார்ப்போம்

1980களில் சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் தீப்பெட்டி ஆபீஸ் வண்டிகள் விடிவதற்கு முன்பே கிராமங்களுக்கு வந்து குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகும். (அந்தப் பக்கம் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, ஆபீஸ்தான்.) பள்ளம் வெட்டிய மரச் சட்டங்களில் தீக்குச்சிகளை ஒவ்வொன்றாக நிறுத்துவது அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலைகளில் ஒன்று. கட்டை அடுக்குவது என்பார்கள். நாள் கூலி கிடையாது, நிறைந்த கட்டைக்கு இவ்வளவு என்று கணக்கு.

வகுப்பில் இந்த விவரத்தைக்கூட முதலில் சொல்லாதீர்கள். “கரிசல் காட்டில் ஒரு ஊர். இன்னும் விடியவில்லை. தூரத்தில் ஒரு வண்டி வருகிறது.” இவ்வளவு போதும். என்னென்ன கேட்கும் என்று பிள்ளைகளே சொல்லட்டும். கோழி, நாய் என்று தொடங்கி, குடத்தில் தண்ணீர் சரிவது, தூக்குச்சட்டி மூடி, யாரோ யாரையோ உலுக்கி எழுப்புவது, ஹாரன் என்று கரும்பலகை நிறையும்.

நாலு குழுவாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒரு குழு இருட்டு: பூச்சிகள், காற்று. இது அடியில் ஓடும் ஓசை, கடைசிவரை நிற்கக் கூடாது. ஒரு குழு வீடு. எவர்சில்வர் டம்ளர், தண்ணீர் பாட்டில், டிபன் பாக்ஸ் மூடி எல்லாம் வகுப்பிலேயே இருக்கின்றன. ஒரு குழு வண்டி. உதட்டை மூடி உறுமினால் இன்ஜின். தூரத்திலிருந்து பக்கத்துக்கு வருவதைக் காட்ட மெல்லத் தொடங்கிக் கூட்ட வேண்டும். இதற்கு ஒத்திகை தேவை. கடைசிக் குழு ஆபீஸ். பென்சில் முனையால் பெஞ்சில் மெதுவாகத் தட்ட வேண்டும். ஆளுக்கு ஒரு வேகம், ஒருவர் தாளம் மற்றவர் தாளத்தோடு சேரக் கூடாது. சேர்ந்தால் பாட்டாகிவிடும்.

வண்டியின் ஓசை நெருங்கி நிற்கும்போது வீட்டின் ஓசை அடங்கும். வண்டி கிளம்பிப் போனபின் வெறும் இருட்டு மட்டும் கொஞ்ச நேரம். அப்புறம் பென்சில்கள் தொடங்கும். முதலில் ஒன்று, பத்து, பிறகு வகுப்பே. கண்ணை மூடி உட்கார்ந்திருப்பவருக்கு அந்தச் சின்னச் சின்ன ‘டக் டக்’ எவ்வளவு நேரம் நீடிக்கும் என்று தெரியாது. நீங்களும் வேண்டுமென்றே நீட்டுங்கள். சலிப்பு வர வேண்டும். குழந்தை உழைப்பின் கொடுமையில் பெரிய பங்கு இந்தச் சலிப்புதான். அடியும் கண்ணீருமாகக் காட்டும் நாடகங்களில் அது வரவே வராது.

இப்போதுதான் கூலி விவரத்தைச் சொல்லுங்கள்: கட்டை நிறைந்தால்தான் காசு. “அப்படியென்றால் இந்த ஓசை எப்படி மாறும்?” என்று கேட்டுவிட்டு மறுபடி ஒலிக்க விடுங்கள். தட்டல் வேகமாகும். சிலர் பென்சிலைத் தவறவிடுவார்கள், உடனே அவசரமாக எடுப்பார்கள். துண்டுக் கூலி என்ற பொருளாதாரச் சொல்லைப் பாடப்புத்தகம் ஒரு பத்தியில் விளக்கும், இங்கே அது நாற்பது விரல்களில் நடக்கிறது.

அதன்பின் நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. இந்தப் பாடத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது. “இவ்வளவு நேரம் கேட்டோமே, இதில் எந்த ஓசை இல்லை?” பள்ளி மணி என்று உடனே ஒருவர் சொல்வார். சிரிப்பு, பாட்டு, சண்டை, பந்து என்று மற்றவை வரும். ஒரு வகுப்பில் ஒரு மாணவி, “அவங்க பேரை யாருமே கூப்பிடல சார்” என்றாள். உடன்படிக்கையின் 7ஆம் உறுப்பு பெயருக்கான உரிமையைப் பற்றியது. அதை அவள் படித்திருக்க வாய்ப்பில்லை. உறுப்பு 28, 31, 32 ஆகியவற்றை உரக்க வாசிக்க வேண்டிய நேரம் இதுதான். காதில் விழாமல் போன ஓசைகளுக்குச் சட்டத்தில் எண் இருக்கிறது என்பது அவர்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

கடைசிப் படி, இல்லாத ஓசைகளில் ஒன்றே ஒன்றை உள்ளே விடுவது. எதை, எந்த இடத்தில் என்று குழுவே முடிவு செய்யும். பெரும்பாலான குழுக்கள் பள்ளி மணியை அடித்து எல்லோரையும் ஓடவிடும், அதுவும் சரிதான். ஆனால் ஜன்னலுக்கு வெளியே யாரோ விளையாடும் சத்தத்தைக் கொண்டுவந்த குழுவும் உண்டு. தட்டல் ஒரு கணம் நின்றது, மீண்டும் தொடங்கியது. அவ்வளவுதான். எது உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று பேசச் சொல்லுங்கள்.

பிரேசில் நாடக இயக்குநர் அகஸ்டோ போவாலின் அரங்கமுறை தெரிந்தவர்களுக்கு இந்தப் படி பழக்கமானதாக இருக்கும். காட்சியைத் திரும்ப நடத்தி, பார்வையாளரே இடைமறித்து அதை மாற்றுவது அவர் வழி. இங்கே இடைமறிப்பது ஓசை.

பழைய காலத்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. இன்று அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் வீட்டை நேராகத் தொடாமல் பேச அது இடம் தருகிறது. நன்றாகப் பழகிய வகுப்பானால் அடுத்த முறை டீக்கடையை எடுக்கலாம். அப்பாவின் கடையில் காலையில் கிளாஸ் கழுவிவிட்டுப் பள்ளிக்கு வரும் பையனை எந்தக் கணக்கில் சேர்ப்பது? 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டபோது 14 வயதுக்குக் கீழே எந்த வேலையும் கூடாது என்று ஆனது. 14 முதல் 18 வரை அபாயகரமான தொழில்கள் கூடாது. ஆனால் பள்ளி நேரம் போக, விடுமுறையில், அபாயமில்லாத குடும்பத் தொழிலில் உதவுவதற்கு விலக்கு உண்டு. அந்த விலக்கு சரியா என்பதில் பெரியவர்களே இரண்டு கட்சி. பிள்ளைகளும் இரண்டு கட்சியாகட்டும்.

பேச்சு நுழையாத வீடு

உறுப்பு 12க்கு நான் விரும்பிச் செய்யும் பயிற்சி இது. பொருளும் வேண்டாம், கதையும் வேண்டாம். மாலை நேர வீடு. டிவி, மிக்ஸி, போன் பேச்சு, குக்கர், வாசலில் பக்கத்து வீட்டுக்காரர். நடுவில் ஒரு பிள்ளைக்கு மட்டும் ஒரே ஒரு வாக்கியம் கொடுக்கப்படும். “அம்மா, எனக்கு அந்த டியூஷன் வேண்டாம்.” அந்த வாக்கியத்தை முடிக்க அது முயன்றுகொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு முறை வாயெடுக்கும்போதும் ஏதாவது ஓர் ஓசை மேலே ஏறும். வேண்டுமென்றே யாரும் தடுக்கவில்லை, வீடு அப்படித்தான் இருக்கிறது. கொடுமைக்கார அப்பா அம்மா இல்லாமலேயே குழந்தையின் கருத்து எப்படிக் காணாமல் போகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட எனக்கு வழி தெரியவில்லை. பெற்றோர் கூட்டத்தில் இதைச் செய்துகாட்டினால் முதலில் சிரிப்பு வரும். மூன்றாவது முயற்சியில் சிரிப்பு குறையும்.

இதன் இன்னொரு வடிவம் மனதுக்குள்ளான ஒலிச்சூழல். எதிரெதிராக இரண்டு வரிசை, நடுவில் ஒரு பாதை. பள்ளியை விட்டு நிற்கலாமா என்று தயங்கும் ஒரு கதாபாத்திரம் அந்தப் பாதையில் மெதுவாக நடக்கும். இருபுறமும் நிற்பவர்கள் அதன் தலைக்குள் ஓடும் குரல்களை முணுமுணுப்பார்கள். இங்கே மட்டும் சொற்களுக்கு அனுமதி. பாதை முடிந்ததும், “எந்தக் குரல் உன்னோடு வந்தது?” என்று நடந்தவரைக் கேளுங்கள். பெரும்பாலும் அது உரக்கச் சொன்ன குரலாக இருக்காது.

பிரம்பைப் பற்றி

கல்வி உரிமைச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 17ஆம் பிரிவு, பள்ளியில் உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. இதை வகுப்பில் எடுக்கத் துணிச்சல் வேண்டும். பக்கத்து அறையில் பிரம்போடு ஒருவர் இருக்கலாம்.

இதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு: அடிக்கும் ஓசையையும் அழுகையையும் பிள்ளைகளை உண்டாக்கச் சொல்லக் கூடாது. அதில் கொஞ்சம் பேருக்கு வேடிக்கை, கொஞ்சம் பேருக்கு வலி. அடிக்கு முந்தைய ஓசை போதும். கலகலப்பான வகுப்பு, வராந்தாவில் தூரத்தில் செருப்புச் சத்தம், அது நெருங்க நெருங்க வகுப்பு வரிசை வரிசையாக அடங்குவது, சாவிக்கொத்து, கதவு. அங்கே நிறுத்திவிடலாம். பயத்தின் ஓசை என்ன என்று கேட்டால், ஒரு ஓசையும் இல்லாததுதான் என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். செருப்புச் சத்தத்தை மட்டும் மாற்றாமல் வகுப்பின் பதிலை மாற்றிப் பாருங்கள் என்று அடுத்த வேலையைக் கொடுக்கலாம்: அதே ஆசிரியர் வருகிறார், ஆனால் வகுப்பு அடங்கவில்லை. அப்படியென்றால் அவர் எப்படிப்பட்டவர்?

எங்கே நிற்க வேண்டும்

ஓசை நேரே உள்ளே போகும் பொருள். அதனால் சில இடங்களில் கூடுதல் கவனம் தேவை. போர் கண்ட வட இலங்கை, கிழக்கிலங்கை ஊர்களில் விமானம், வெடி, சைரன் ஆகிய ஓசைகளை வகுப்பில் உண்டாக்குவது விளையாட்டில்லை. போரைப் பார்க்காத பிள்ளையின் வீட்டிலும் அந்த ஓசைக்கு நடுங்குபவர்கள் இருப்பார்கள். 2004 ஆழிப்பேரலை தொட்ட கடற்கரைப் பள்ளிகளில் அலையின் ஓசையும் அப்படித்தான். இலங்கையில் ‘நாடகமும் அரங்கியலும்’ தனிப் பாடமாகவே இருப்பதால், அரங்க விளையாட்டுகளை நடத்திப் பழகிய ஆசிரியர்கள் அங்கே கிடைப்பார்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு தொடங்குவது நல்லது. தமிழ்நாட்டில் பெரும்பாலும் தமிழ்ப் பாடவேளையையோ கலைத் திருவிழா ஒத்திகையையோதான் இதற்குப் பயன்படுத்த வேண்டியிருக்கும்.

“உன் வீட்டில் நடந்ததைச் செய்து காட்டு” என்று எந்தப் பிள்ளையையும் கேட்காதீர்கள். எப்போதும் வேறு ஊர், வேறு பெயர். கலந்துகொள்ள விரும்பாதவர் கேட்பவர் வரிசையில் உட்காரலாம், காரணம் கேட்க வேண்டாம். பேரொலி தாங்காத பிள்ளைகள் இருப்பார்கள், கதவருகே இடம் கொடுங்கள். செவித்திறன் குறைந்த பிள்ளை இருந்தால் அதை நடத்துநராக்கிப் பாருங்கள். பெஞ்சில் கை வைத்து அதிர்வை உணரலாம், மற்றவர்கள் உடலைப் பார்த்தே வேகத்தைக் கணிக்கலாம். முடிந்ததும் எல்லோரும் எழுந்து கைகால் உதறி, தங்கள் சொந்தப் பெயரை உரக்கச் சொல்லிவிட்டு உட்காரட்டும். கதையை விட்டு வெளியே வர இது ஒரு எளிய வழி.

இவ்வளவு கவனமாக இருந்தாலும், வகுப்பு முடிந்தபின் ஒரு பிள்ளை தயங்கி நின்று, “சார், எங்க வீட்லயும்...” என்று தொடங்கலாம். கேளுங்கள். துருவித் துருவி விசாரிக்க வேண்டாம். “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள், அதைக் காப்பாற்ற உங்களால் முடியாது. இந்தியாவில் குழந்தைகளுக்கான உதவி எண் 1098. பாலியல் வன்முறை நடந்திருப்பதாகத் தெரியவந்தால் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம், நமக்கென்ன என்று இருக்க முடியாது. நாடக வகுப்பு தொடங்கும் முன்பே பள்ளியில் யாரிடம் போக வேண்டும் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

மேடைக்குக் கொண்டுபோனால்

தலைமையாசிரியர் எப்படியும் கேட்பார்: “ஆண்டு விழாவுக்கு என்ன இருக்கு?” ஒலிச்சூழலை மேடையேற்றலாம், ஆனால் மேடையில் வேண்டாம். பிள்ளைகளைப் பார்வையாளர்களின் நாலு பக்கமும் நிறுத்துங்கள். விளக்கை அணைக்க முடியாவிட்டால் எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லுங்கள். திறந்தவெளியில் பென்சில் தட்டுவது கேட்காது, அதனால் அந்தக் குழுவுக்கு மட்டும் ஒரு மைக். இரண்டு நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். முடிந்ததும் ஒரு பிள்ளை 31ஆம் உறுப்பை மட்டும் வாசிக்கட்டும், அதுவும் மெதுவாக. யாராவது ‘ஒழிப்போம்’ போடலாமே என்று கேட்டால், இந்த வருடம் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். போனில் பதிவு செய்து பகிர்வதானால் பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வேண்டாம் என்று சொல்லும் பிள்ளையின் குழுவைப் பதிவிலிருந்து விட்டுவிடுங்கள்.